பிள்ளைகளின் கடதாசிக் குவியல்: எதை வைத்திருப்பது, யார் தீர்மானிப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், இரண்டு அறை உள்ள வாடகை பிளட்டில் இருக்கிறோம். மூத்தவள் தரம் 5, இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறாள். சின்னவனுக்கு நான்கு வயது, மொண்டிசூரி போகிறான். இரண்டு பேருடைய கடதாசிகளும் வீட்டை நிறைத்துவிட்டன. கட்டிலுக்குக் கீழே மட்டும் டிவி வந்த பெட்டி உட்பட மூன்று பெட்டிகள். மாதிரி வினாத்தாள், ரியூஷனில் தருகிற ரியூட், கீறிய படங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. போன வருடத்து மின்சார பில்லைக்கூட அதற்குள்ளிருந்துதான் எடுத்தேன். பூச்சியும் வரத் தொடங்கிவிட்டது. போன மாதம் சின்னவன் கீறியதில் கொஞ்சத்தை இரவில் குப்பைப் பையில் போட்டேன். காலையில் அவன் அதைக் கண்டுவிட்டு அழுத அழுகையைச் சொல்ல முடியாது. மாமி எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துப் பழையபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தவர். ஒரு துண்டுக் கடதாசி எறிய விடமாட்டார். கணவர், ஸ்கேனர் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றிவிடலாம் என்கிறார். எதை வைப்பது, எதை எறிவது?

ஒரு தாய், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மின்சார பில் டிவிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சின்னவனுக்கு நான்கு வயது. தரம் 1 இல் சேரும் வருடம் ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பத்தையோ அதற்கு முந்திய வருடத்தின் நடுப்பகுதியிலேயே கேட்டுவிடுவார்கள். அரசாங்கப் பாடசாலைக்குப் போடுகிற எண்ணம் இருந்தால் வீட்டு ஒப்பந்தம், தண்ணீர் மின்சாரப் பட்டியல்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்ததற்கான சான்று எல்லாம் வேண்டிவரும். வாக்காளர் இடாப்பை ஐந்து வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கடதாசிகள் மக்கரோனி ஒட்டிய படத்துக்கும் கணிதப் பயிற்சித் தாளுக்கும் நடுவில் கிடந்தால், கடைசி நாளில் நீங்கள் படப்போகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆகவே வேறு எதைத் தொடுவதற்கு முன்னும் அந்த மூன்று பெட்டிகளையும் ஒருமுறை கிண்டி, அரச அலுவலகமோ பாடசாலையோ வைத்தியசாலையோ தந்த கடதாசிகளை மட்டும் வெளியே எடுங்கள். அன்றைக்கு வேறொன்றும் செய்ய வேண்டாம். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

பழைய ஆவணங்களைப் பேணுவதுதான் என் தொழில். அதனால் 'எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்' என்று சொல்வேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் வேலையில் பாதிக்கு மேல் கழிப்பதுதான். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், அந்நாட்டு அரசாங்கத்தில் உருவாகும் கடதாசிகளில் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான் நிரந்தரமாக வைத்திருப்பதாகச் சொல்கிறது. அவ்வளவு பெரிய நாட்டுக்கே அது காணுமென்றால், இரண்டு அறை வீட்டுக்கும் காணும்.

உங்கள் வீட்டில் கடதாசி கூடிவிட்டது என்பதைவிட, மூன்று விதமான கடதாசி ஒரே பெட்டிக்குள் கிடக்கிறது என்பதுதான் பெரிய தொல்லை. ஒன்று அத்தாட்சிக்கானது. அது வருடக்கணக்காக வேண்டும், பொறுப்பு பெரியவர்களுடையது. இன்னொன்று படிப்புக்கானது. பரீட்சை முடிந்ததும் அதன் வேலையும் முடிந்துவிடும். மூன்றாவது பிள்ளை கீறியதும் எழுதியதும். அது பிள்ளைக்குச் சொந்தமானது. எது இருக்கவேண்டும் என்பதில் பிள்ளைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இவை மூன்றும் கலந்து கிடக்கும்வரை நீங்கள் ஒன்றை எறியப் போனால் மற்ற இரண்டுக்காகவும் யாரோ ஒருவர் குறுக்கே வருவார். மாமி வருவதும் சின்னவன் அழுவதும் அதனால்தான்.

முதலாவது வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஒரு பொக்ஸ் ஃபைல். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிறந்த நாளிலிருந்து தடுப்பூசி பதிந்துவந்த கிளினிக் புத்தகம், மாணவர் தேர்ச்சி அறிக்கைகள், பாடசாலை விடுகைப் பத்திரம் இருந்தால் அது, உண்மையில் வென்ற போட்டிகளின் சான்றிதழ்கள். இவற்றில் எது தொலைந்தால் திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்ப்பது நல்லது. பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடலாம். பின்னால் மகள் சாதாரண தரம், உயர்தரம் எடுத்தால் அந்தப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மறுபடி கேட்டு வாங்கலாம். ஆனால் தரம் 3 இன் தவணை அறிக்கையும் கிளினிக் புத்தகமும் போனால் போனதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில தடுப்பூசிப் பதிவைக் கேட்பதுண்டு; பதினைந்து வருடம் கழித்து யாரிடம் போய் நிற்பீர்கள்? பங்குபற்றிய எல்லாருக்கும் கொடுக்கிற சான்றிதழ்களை இந்த ஃபைலில் சேர்க்க வேண்டாம். இப்போது மொண்டிசூரி விளையாட்டுப் போட்டிக்கு வந்து நின்றாலே ஒன்று தந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு அதில் ஆசையிருந்தால் படங்களோடு வைக்கட்டும்.

இவற்றை லமினேற் செய்யாதீர்கள். பின்னால் யாராவது அதன்மேல் சீல் வைத்துக் கையெழுத்திட வேண்டிவந்தால் முடியாது. ஒருமுறை சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைக் கடதாசி கிழியாமல் உரிப்பதும் நடக்காது. பாடசாலைக் கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு கடை பில் மாதிரி வழுவழுப்பான தாளில் இருந்தால் அதன் எழுத்து கொஞ்ச நாளில் மங்கி வெறும் வெள்ளையாகிவிடும். அதை அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள்.

இனிப் படிப்புக் கடதாசி. இடத்தை அதிகம் பிடிப்பது அதுதான் என்று ஊகிக்கிறேன், தரம் 5 பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் அப்படித்தான். ரியூஷன் ரியூட், வாராந்தப் பரீட்சை, ஒவ்வொரு அமைப்பும் அச்சடித்து விநியோகிக்கிற மாதிரி வினாத்தாள் என்று ஒரு பிள்ளைக்கு வருகிற கடதாசியில் சின்ன அச்சகமே நடத்தலாம். அவற்றில் மகளுக்கு உண்மையாகப் பயன்படுவது அவள் பிழைவிட்ட கேள்விகள் மட்டுமே. சரியாகச் செய்த முப்பத்தைந்து கேள்விகளை எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்? பிழைத்ததை மாத்திரம் கத்தரித்து ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் சரியான முறையை அவளையே எழுதச் சொல்லுங்கள். பரீட்சைக்கு முதல் வாரம் புரட்டிப் பார்க்க அந்த ஒரு கொப்பி போதும். மிச்சத்தை விட்டுவிடலாம்.

இன்னுமொன்று. 200 க்கு 138, 151, 129 என்று சிவப்புப் பேனையால் எழுதிய தாள்கள் எல்லாம் அவள் படுக்கிற கட்டிலுக்குக் கீழேயே இருக்கின்றன என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து விளங்கிக்கொள்கிறேன். குறைந்தபட்சம் அவற்றையாவது அந்த அறையிலிருந்து அகற்றுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை.

பரீட்சை முடிந்த கையோடு எழுதாத வினாத்தாள்களையும் கட்டிய கடந்தகால வினாத்தாள் புத்தகங்களையும் தரம் 4 பிள்ளை இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பாதி எழுதிய கொப்பிகளின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தால் கணக்குச் செய்துபார்க்க உதவும். இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். 2022 மார்ச்சில் கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்ததும், அதன் பின்னர் கொப்பி விலை ஏறிய ஏற்றமும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

பழைய பேப்பர் வாங்குபவருக்குக் கொடுப்பதென்றால் பிள்ளையின் பெயர், பாடசாலை, சுட்டெண் உள்ள மூலையைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். இந்த நாட்டில் கொப்பித் தாள் நேரே குப்பைக்குப் போவதில்லை. கடலைச் சுருளாக, வடை சுற்றும் பையாக இன்னொரு சுற்று வந்துவிட்டுத்தான் போகும். காலிமுகத்திடலில் கடலை தின்றுகொண்டே யாரோ ஒரு பிள்ளையின் சூழல் பாட விடைத்தாளை வாசிக்காதவர்கள் கொழும்பில் குறைவு. வாசிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் மகளுடையதாக இருக்க வேண்டாம்.

சரி, படங்களுக்கு வருவோம். ஒவ்வொரு தவணை முடிவிலும் பிள்ளை ஐந்து படங்களைத் தெரிவுசெய்யட்டும். ஏன் ஐந்து என்று கேட்பீர்கள், கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு மூன்று தவணை, தரம் 1 முதல் 13 வரை 39 தவணை. ஐந்து ஐந்தாக வைத்தால் 195 தாள். சாதாரண 80 கிராம் கடதாசி 500 தாள் சுமார் 5 சென்ரிமீற்றர் உயரம்தான். சாயம் பூசிய தாளும் பிறிஸ்டல் போட்டும் இரண்டு மூன்று மடங்கு தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளையின் முழுப் பாடசாலைக் காலமும் ஒரேயொரு ஃபைலுக்குள் அடங்கிவிடும். உங்கள் மொண்டிசூரிக்காரனுக்கு இப்போதைக்கு எட்டு, பத்து என்று கொஞ்சம் தாராளமாக விடலாம். அந்த வயதில் கீறுகிற விதம் மாறுகிற வேகம் அப்படி. மூன்று நான்கு வயதில் தலையிலிருந்து நேரே கால் முளைத்த மனிதர்களைக் கீறுவான். கொஞ்ச நாளில் உடம்பு வரும், கை வரும். ஐந்து ஆறு வயதளவில் தாளின் அடியில் ஒரு கோடு இழுத்து வீடு, மரம், அம்மா எல்லாரையும் அதன்மேல் நிறுத்துவான். உலகத்தில் எங்கே பார்த்தாலும் அநேகமான பிள்ளைகள் இதே வழியால்தான் போகிறார்கள். அதனால் அவன் கீறிய இருபது வானவில்லில் பத்தொன்பதை விடலாம், ஆனால் முதன்முதலாக உடம்பு வைத்த மனிதனை விடாதீர்கள்.

வைக்கிற ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பெயர், திகதி, வயது, அப்புறம் 'இது என்ன' என்று கேட்டபோது அவன் சொன்ன பதில். பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து மங்காது, ஈரம் பட்டாலும் ஊறாது. திகதி இல்லாத படம் பத்து வருடத்தில் யார் கீறியதென்றே தெரியாமல் போய்விடும், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்காகவே சண்டை வரும்.

தெரிவுசெய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழுகை வந்தது அங்கேதான். 'இதை எறியட்டுமா?' என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் 'ஓம்' சொல்லாது. இரண்டு படத்தைக் கையில் பிடித்து 'இதில் எது உனக்கு விருப்பம்?' என்று கேளுங்கள். சட்டென்று சொல்லிவிடுவான். உங்களுக்குப் பிடித்ததை அவன் விட்டுவிடவும் கூடும். அப்போது உங்கள் பங்குக்கு ஒன்றிரண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், அது பெற்றோரின் உரிமை. மிச்சத்தில் சிலதை யாழ்ப்பாணத்துக்கோ வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்கோ தபாலில் அனுப்பலாம், சிலதில் பிறந்தநாள் பரிசைச் சுற்றலாம். கடைசியில் குப்பைக்குப் போவதையும் பகலில், எல்லாருக்கும் தெரியவே போடுங்கள். இரவில் ஒளித்துப் போடுவதை மட்டும் இனிச் செய்யவேண்டாம். அவன் அழுதது படத்துக்காக மாத்திரமாக இருக்காது.

மக்கரோனி, பருப்பு, அரிசி ஒட்டியவற்றையும் ரிஜிபோம் வீடு, பெட்டியில் செய்த பஸ் போன்றவற்றையும் வைத்திருக்க முயலாதீர்கள். பிள்ளை கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்தால் அந்த வயதில் அவன் எவ்வளவு உயரம், அந்த பஸ் எவ்வளவு பெரிது என்பதும் சேர்ந்து பதிவாகும். ஒரு வாரம் மேசையில் இருக்கட்டும், அதற்கு மேல் எறும்பும் கரப்பானும் தீர்மானித்துவிடும்.

பூச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுவதாக இருந்தால் அது சில்வர்பிஷ். மாப்பசை, இருட்டு, ஈரப்பதன் மூன்றும் அதற்குப் பிரியம். வெள்ளவத்தையில் கடற்காற்றோடு மூன்றாவது தாராளமாகக் கிடைக்கிறது, மற்ற இரண்டையும் கட்டிலுக்கடியில் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அட்டைப் பெட்டிகளை முதலில் வெளியேற்றுங்கள், அவையே பூச்சிக்கு வீடு. மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் ஈரம் ஊறிய கடதாசியை அதற்குள் வைத்து மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பில் மழை குறைந்து காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும்போது மின்விசிறிக்குக் கீழே ஒருநாள் பரப்பிவிட்டு அடுக்குங்கள். நேர் வெயில் வேண்டாம், ஃபெல்ற் பேனை நிறமெல்லாம் வெளிறிவிடும். ஸ்ரேப்ளர் கம்பியைக் கழற்றிவிடுங்கள், கடலோரத்தில் அது துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். றப்பர் பட்டி உருகி ஒட்டிக்கொள்ளும், செலோரேப் மஞ்சள் கறை விடும். பஸ்டலால் கீறியவற்றுக்கு நடுவில் ஒவ்வொரு பட்டர் பேப்பர் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. பூச்சி உருண்டை போடவேண்டாம். சின்னவன் மிட்டாய் என்று வாயில் வைத்தால் ஆபத்து.

மாமியைப் பற்றிக் கடைசியாக எழுதலாம் என்று விட்டுவைத்தேன். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள் கையில் எடுத்ததில் பெரும்பாலும் ஒரு சேர்ட்டிபிகேட் ஃபைல் இருந்தது. அதை எடுக்க முடியாமற்போனவர்கள் பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கியதும் நமக்குத் தெரியும். அப்படி வந்தவரிடம் 'இதெல்லாம் குப்பை மாமி' என்றால் ஏற்கமாட்டார், ஏற்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எந்தக் கடதாசி இல்லாவிட்டால் வாழ்க்கை நின்றுபோகும் என்று அந்த வீட்டில் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும். முதலாவது வகை ஃபைல்களின் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கவேண்டும், அவசரத்துக்கு எப்படித் தூக்கலாம் என்பதை அவர் சொல்லட்டும். படங்களின் பின்னால் பேரப்பிள்ளை சொன்னதை எழுதுவதற்கும் அவரைக் கேளுங்கள், பகலில் அவனோடு இருப்பவர் அவர்தானே. இதனால் அவர் மனம் மாறி நாளைக்கே கட்டுக்கட்டாக எறிவார் என்று எதிர்பார்க்கவேண்டாம். அவருக்கென்று ஒரு பெட்டி ஒதுக்கி, அதற்குள் அவர் வைப்பதை யாரும் தொடுவதில்லை என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி போனாலும் இரண்டு பெட்டி இடம் உங்களுக்கு மிச்சம்.

ஸ்கேனர் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வாங்குகிற சாதாரண ஸ்கேனரில் ஏ4 அளவுதான் போகும், பிள்ளைகளின் பெரிய படம் அதற்குள் அடங்காது. அதைவிட, எல்லாவற்றையும் ஏற்றினால் கட்டிலுக்கடியில் இருந்த குவியல் கம்பியூட்டருக்குள் போயிருக்கும், அவ்வளவுதான். தெரிவான படங்களையும் முதலாவது ஃபைலில் உள்ளவற்றையும் மாத்திரம் போனில் எடுத்தால் போதும். ஜன்னலோரத்தில் தரையில் விரித்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலே நின்று எடுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி சில ஆயிரம் படங்களுக்குக் காணும். பிள்ளைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வருடத்துக்கு ஒன்று. வட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பும்போது டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. ஸ்கேனருக்கென்று எடுத்துவைத்த காசில் இரண்டு ஏ3 ஃபைலும் இரண்டு பொக்ஸ் ஃபைலும் மூடியுள்ள ஒரு பெட்டியும் புறக்கோட்டையில் வாங்கிக்கொண்டு வரச்சொல்லுங்கள்.